செருகுநிரலுக்குள் சிக்கிய ஓலைகள்: சுவடி நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்ச் சுவடிகளையும் பழைய நிலப்படங்களையும் கோயில் ஓவியங்களின் படங்களையும் இணையத்தில் வைத்திருக்கும் நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

அச்சுப் பதிப்புகளைச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்துவைப்பதை நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு வாசகன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். உலாவியில் தனியாக நிறுவப்பட வேண்டிய செருகுநிரல், அதாவது பிளக்-இன், இருந்தால் மட்டுமே திறக்கும் வகையில் தாங்கள் முன்பு வெளியிட்ட படங்கள் பல இருக்கின்றன. அவற்றுள் பெரிதாக்கிப் பார்க்கும் சுவடிப் படங்களும் உண்டு, சுழற்றிப் பார்க்கும் பனோரமாக் காட்சிகளும் உண்டு. செருகுநிரல்கள் எல்லாம் மறைந்துபோன இந்நாளில், அப்படங்களை மீண்டும் யாவரும் பார்க்கும்படி செய்து தாருங்கள். இதற்காக ஓர் ஓலையைக்கூடப் புதிதாக வருட, அதாவது ஸ்கேன் செய்ய, வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

நான் இந்த முடிவுக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011-ஆம் ஆண்டளவில் ஒரு நிறுவனத்தின் தளத்தில் இருந்த சுவடி ஒன்றை (அந்நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்) இரவுகளில் அமர்ந்து படித்தேன். அடோபி ஃபிளாஷ் செருகுநிரலின் மேல் ஓடும் ஸூமிஃபை என்ற காட்சிக் கருவி வழியாக ஓலைகள் திறந்தன. இணைப்பு மெதுவானதுதான், ஆனாலும் முதலில் மங்கலாகத் தோன்றும் ஓலை, சுட்டியை உருட்ட உருட்டத் தெளிந்து, எழுத்தாணி கீறிய பள்ளத்தில் மை தங்கியிருப்பதுகூடத் தெரியும் அளவுக்கு நெருங்கிவரும். பாடவேறுபாடுகளைக் குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓலை எண்ணையும் வரி எண்ணையும் அந்தப் பக்கத்தின் இணைய முகவரியையும் குறித்துவைத்தேன். 2021 தொடக்கத்தில் ஒரு சொல்லைச் சரிபார்க்க அதே முகவரிக்குப் போனபோது, ஓலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதுரம் ஒன்று இருந்தது. நிறுவனத்துக்கு எழுதினேன். பழைய உலாவி ஒன்றைத் தேடி நிறுவிப் பார்க்கும்படி பதில் வந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக உலகம் முழுவதும் கைவிடப்பட்ட ஒன்றை வாசகரின் கணினியில் மீண்டும் நிறுவச் சொல்லும் அறிவுரையை ஒரு பொது நிறுவனம் தருவது முறையன்று என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

சுவடிக்கு எதற்கு இவ்வளவு பெரிதாக்கம் என்று கேட்கும் நிர்வாகிகளைச் சந்தித்திருக்கிறேன். ஓலையில் படித்துப் பழகியவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஓலை கிழியும் என்பதால் பெரும்பாலான சுவடிகளில் புள்ளி இடுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். எனவே ககரத்தை அடுத்து அந்த வடிவம் வந்தால் அது ‘கா’ ஆகலாம், ‘கர’ ஆகலாம், ‘கர்’ ஆகலாம். ஒற்றைக்கொம்பு குறிலுக்கும் நெடிலுக்கும் பொது. இவற்றையெல்லாம் பொருளையும் யாப்பையும் வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோடு உண்மையில் எழுத்தாணி கீறியதா, ஓலையின் இயல்பான நரம்பா, பூச்சி அரித்த வடுவா என்பதை யாப்பு சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். எழுத்தாணிக் கீறலின் ஓரமும் பூச்சி அரித்த ஓரமும் வேறுவேறாக இருக்கும். அந்த வேறுபாடு தெரிய வேண்டுமானால் படம் பெரிதாக வேண்டும். சிறுபடத்தை நீட்டிப் பெரிதாக்கினால் போதாது, வருடியபோது பதிந்த புள்ளிகள் அத்தனையும் வேண்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 40 செ.மீ. நீளமும் மூன்றரை செ.மீ. அகலமும் உள்ள ஓர் ஓலையை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடினால் நீளவாட்டில் 9,400-க்கு மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். 1,366 புள்ளி அகலமுள்ள எளிய மடிக்கணினித் திரையில் ஒரே நேரத்தில் அந்த ஓலையின் ஏழில் ஒரு பங்குதான் முழுத் தெளிவோடு அடங்கும். முழுப்படத்தையும் அனுப்பிவிட்டு அதில் ஏழில் ஒரு பங்கைக் காட்டுவது வீண் என்பதால், படத்தை 256 புள்ளிக்கு 256 புள்ளி என்ற அளவில் சதுரத் துண்டுகளாக வெட்டிவைப்பார்கள். பிறகு படத்தைப் பாதியாகச் சுருக்கி அதையும் வெட்டுவார்கள், அதை மேலும் பாதியாக்கி வெட்டுவார்கள். இப்படி அடுக்கடுக்காகச் சுருங்கி, ஒரே துண்டில் முழு ஓலையும் அடங்கும்வரை போவதால் இதனைப் பிரமிடு என்கிறார்கள். நான் சொன்ன ஓலைக்கு எல்லா அடுக்குகளையும் சேர்த்துச் சுமார் 200 துண்டுகள் ஆகும். வாசகர் ஓரிடத்தை நெருங்கிப் பார்க்கும்போது அவற்றில் முப்பதுக்குள்தான் இறங்கும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலத்திலும் பெரிய படங்களைக் காட்ட முடிந்தது இந்த உத்தியால்தான்.

இந்த இடத்தில்தான் என் கோரிக்கையின் அடிப்படை இருக்கிறது. சாம்பல் நிறச் சதுரத்தைப் பார்த்துச் சில நாள் வருந்திய பின், அந்தப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து படித்தேன். படங்கள் இருக்கும் கோப்புறையின் பெயர் அதில் இருந்தது. ஸூமிஃபை தன் துண்டுகளுக்குப் பெயரிடும் முறை எளிது. அடுக்கின் எண், நெடுக்கு வரிசை எண், குறுக்கு வரிசை எண் ஆகிய மூன்றையும் சிறுகோடிட்டுச் சேர்த்து, கடைசியில் ஜேபெக் என்பதற்கான ஒட்டை இடுவார்கள். 256 துண்டுகளுக்கு ஒரு கோப்புறை. படத்தின் அகலம், உயரம், துண்டின் அளவு ஆகியவற்றைச் சொல்லும் சிறிய எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று உடன் இருக்கும், அவ்வளவுதான். மூன்று சுழியங்கள் கொண்ட முதல் துண்டின் முகவரியை நானே உலாவியில் தட்டினேன். விரலளவில் முழு ஓலையும் திரையில் வந்து நின்றது. பத்தாண்டுகளுக்கு முன் நான் படித்த அதே ஓலை, அதே கோப்பு. எந்தச் செருகுநிரலும் தேவைப்படவில்லை, ஏனெனில் அது எந்த உலாவியும் திறக்கக்கூடிய சாதாரண ஜேபெக் படம். அழிந்தது காட்சிக் கருவி மட்டுமே. படம் தங்கள் சேவையகத்தில் அப்படியே கிடக்கிறது.

அந்தத் துண்டுகளை ஒட்டிக் காட்டப் புதிய கருவியை யாரும் எழுத வேண்டியதுமில்லை. ஓப்பன்சீட்ராகன் என்ற கட்டற்ற மென்பொருள் ஸூமிஃபை அடுக்குமுறையை நேரடியாகப் படிக்கும். மைக்ரோசாஃப்டின் டீப் ஸூம் முறையையும் படிக்கும். கட்டணம் கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற, எல்லா உலாவிகளிலும் உள்ளுறைந்த மொழியில் எழுதப்பட்டிருப்பதால் வாசகர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. கைப்பேசியில் இரு விரல்களால் விரித்தாலே படம் விரியும். பழைய பக்கத்தில் ஃபிளாஷை அழைக்கும் சில வரிகளை எடுத்துவிட்டு இதனை அழைக்கும் சில வரிகளைச் சேர்ப்பது, இணையப் பக்கம் செய்யத் தெரிந்த ஒருவருக்கு ஒரு முற்பகல் வேலை. நூறு சுவடிகள் இருந்தாலும் எல்லாப் பக்கங்களும் ஒரே வார்ப்பில் இருப்பவை என்பதால் வேலை நூறு மடங்காகாது.

அன்று செருகுநிரலைத் தேர்ந்தவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி செருகுநிரல்களுக்கு வழிவிட்டபோது, எழுத்தும் சிறுபடமும் தவிர வேறு எதையும் காட்டத் தெரியாத உலாவிக்கு அவை புதுக்கண்ணாக வந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் குவிக்டைம் விஆர், ஓரிடத்தில் நின்று நாற்புறமும் திரும்பிப் பார்க்கும் காட்சியை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது அந்த ஆண்டுகளில்தான். ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் பனோரமாப் படங்களை ஒட்டித் தைக்கும் கருவிகளையும், அவற்றை உலாவியில் ஓட்டும் ஜாவா நிரலையும் எழுதி எல்லோருக்கும் இலவசமாகத் தந்தார். அக்காலத்தில் அருங்காட்சியகங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்து, செருகுநிரல் ஏதுமின்றியே துண்டுப் படங்களை இழுத்துப் பார்க்கலாம் என்று காட்டிய பிறகாவது தட்டையான படங்களுக்குப் பாதையை மாற்றியிருக்கலாம். பனோரமாவுக்கோ, முப்பரிமாணத்தை உலாவியே வரையும் வெப்ஜிஎல் தரநிலை 2011-இல் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டித்தான் இருந்தது. ஆனால் 2011-க்குப் பின்னும் ஃபிளாஷில் புதிய பனோரமா உலாக்களை ஒப்பந்தம் விட்ட நிறுவனங்கள் உண்டு. அதற்கு என்ன காரணம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அறிவிப்பின்றி வந்த முடிவு என்றும் சொல்ல இயலாது. 2007-இல் வெளிவந்த ஐபோன் ஃபிளாஷை ஒருநாளும் ஏற்கவில்லை. செருகுநிரல்கள் உலாவியின் காவலுக்கு வெளியே, கணினிப் பயனரின் முழு உரிமையோடு இயங்கியதால், அவற்றில் ஒரு பிழை இருந்தால் கணினி முழுவதும் திறந்துகொண்டது. ஆகவே குரோம் 2015 செப்டம்பரில் பழைய செருகுநிரல் முறையை முற்றிலும் நீக்கியது. 2016 ஏப்ரலில் விண்டோஸுக்கான குவிக்டைமை உடனே அகற்றும்படி அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவு எச்சரித்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷ் தவிர மற்றவற்றைக் கைவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் அடோபி, 2020 இறுதியோடு ஃபிளாஷ் முடியும் என்று மூன்றரை ஆண்டுத் தவணை கொடுத்து அறிவித்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் இயக்கியே தன்னிடம் வரும் படைப்புகளைத் திறக்க மறுத்தது. அந்த மாதத்தில் தென்னாப்பிரிக்க வருமான வரித்துறை, ஃபிளாஷில் செய்த படிவங்களைத் திறப்பதற்கென்றே தனி உலாவி ஒன்றை வெளியிட்டது. சிரிப்பதற்கு உரியதுதான், ஆயினும் அவர்கள் தம் வாசகர்களை நினைத்துப் பார்த்தார்கள் என்ற அளவில் எனக்கு அவர்கள்மேல் மதிப்புண்டு.

உரையாடல்களில் அடிக்கடி எழும் தயக்கம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலச்சொடுக்கில் படத்தைச் சேமிக்க விடாது என்பதற்காகவே ஃபிளாஷ் விரும்பப்பட்டது என்றும், அதைக் கைவிட்டால் யார் வேண்டுமானாலும் சுவடியைப் படியெடுத்துக்கொள்வார்கள் என்றும் பொறுப்பில் இருந்த ஒருவர் என்னிடம் கூறினார். மேலே நான் விவரித்தபடி, கணினித் துறை சாராத நானே துண்டுகளின் முகவரியைக் கண்டுபிடித்துத் திறந்தேன் என்றால், அந்தப் பூட்டு ஒருநாளும் பூட்டாக இருந்ததில்லை. அது தடுத்தது நேர்மையாகப் படிக்க வந்தவர்களை மட்டுமே. உரிமை குறித்த கவலை உண்மையானதாயின், வெளியிடும் படத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம், பயன்பாட்டு விதியை எழுதிவைக்கலாம். கருவியின் குறைபாட்டைக் காவலாளியாக நியமிப்பது வேண்டாம். ஓலைச்சுவடிகளைப் பொறுத்தவரை அதற்கும் மேலே ஒரு வார்த்தை: அவற்றை எழுதியவர்களும் படியெடுத்தவர்களும் பலர் படிக்க வேண்டும் என்றே கைவலிக்கப் படியெடுத்தார்கள்.

பழையதை மீட்பதோடு நின்றுவிடாமல், புதிதாக வெளியிடுவதில் ட்ரிபிள்-ஐ-எஃப் என்று வழங்கப்படும் பன்னாட்டுப் படிமத் தரநிலையைக் கைக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பிரித்தானிய நூலகம், பிரான்சின் தேசிய நூலகம், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்டான்ஃபோர்டு முதலிய நிறுவனங்கள் சேர்ந்து வகுத்து, 2012-இல் முதற்பதிப்பாக வெளியிட்ட இத்தரநிலையின் அழகு, படத்தின் எந்தப் பகுதி வேண்டும் என்பதை இணைய முகவரியிலேயே எழுதலாம் என்பது. இடப்பக்கத்திலிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி, அங்கிருந்து இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம் என்று நான்கு எண்களை முகவரியில் சேர்த்தால், சேவையகம் அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் தரும். பதிப்பாசிரியர்களுக்கு இது எத்தகைய வரம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘சுவடியில் இவ்வாறு காணப்படுகிறது’ என்று அடிக்குறிப்பு எழுதிவிட்டு நம்பச் சொல்வதற்குப் பதிலாக, ஐயத்துக்குரிய அந்த ஒரே எழுத்தின் படத்துக்கு முகவரி தரலாம். படிப்பவர் தாமே பார்த்துத் துணைக்காலா ரகரமா என்று முடிவு செய்துகொள்வார். ஒரே நூலின் ஏடுகள் சென்னையில் ஒன்றும் புதுச்சேரியில் ஒன்றும் பாரிசில் ஒன்றுமாக இருக்கும்போது, மூன்றையும் ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடவும் இத்தரநிலை வழிசெய்கிறது. சைவ சமயச் சுவடிகளுக்காகப் புதுச்சேரித் தொகுப்புகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கும்போது, அத்தகைய செல்வத்தை உடைய நம் பகுதியில் இந்த ஒப்பீட்டு முறை இயல்பான பழக்கமாகிவிட வேண்டும் என்பது என் ஆசை.

பனோரமாக் காட்சிகளுக்கு வருகிறேன். கோயில்களையும் அரண்மனைகளையும் சுற்றிப்பார்க்கும் உலாக்களை வேடிக்கைப் பொருளாகக் கருதுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. தஞ்சைப் பெரியகோயில் கருவறையைச் சுற்றிய உட்சுற்றின் சோழர் ஓவியங்களை, அவற்றின்மேல் தீட்டப்பட்டிருந்த நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியிலிருந்து 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்தச் சுற்று குறுகலானது. பின்வாங்கி நின்று சுவர் முழுவதையும் பார்க்க இடமில்லை, பொதுமக்கள் விரும்பியபோது நுழையவும் முடியாது. இப்படிப்பட்ட இடங்களுக்கு, ஓவியம் சுவரில் எங்கே தொடங்கி எந்த மூலையில் திரும்புகிறது என்பதைக் காட்டும் பனோரமாவே தக்க ஆவணம். தனித்தனி ஒளிப்படங்கள் அந்தத் தொடர்ச்சியைத் தரா. மேலும், திருப்பணி என்ற பெயரில் தூண்கள் மணல்வீச்சுக்கு உள்ளாகி, சுவர்கள் வண்ணம் பூசப்பட்டு, மண்டபத்தின் தோற்றமே மாறிவிடும் ஊரில், முன்பு எடுத்த ஒரு பனோரமா பின்னாளில் ஒரே சாட்சியாகிவிடக்கூடும். எனக்குத் தெரிந்த ஒரு மண்டபத்தின் பழைய நிலை, திறக்க முடியாத குவிக்டைம் கோப்பு ஒன்றுக்குள்தான் இப்போது இருக்கிறது.

அத்தகைய கோப்புகளும் மீட்கத்தக்கவையே. கனசதுர வகைக் குவிக்டைம் கோப்புக்குள் இருப்பவை ஆறு முகங்களுக்கான ஆறு படங்கள்; அவற்றை வெளியே எடுக்கும் கருவிகள் இருக்கின்றன. எடுத்த பின் அகலம் உயரத்தைப் போல் இருமடங்கான, உலக நிலப்படம்போல் விரிந்த ஒற்றைப் படமாக அவற்றை மாற்றிச் சேமித்துவைத்தால், பன்னெலம், மார்சிபானோ போன்ற கட்டற்ற கருவிகள் இன்று அதனைச் சுழற்றிக் காட்டும்; அவையும் ஒருநாள் மறைந்தால், அன்று இருக்கும் வேறொன்று காட்டும். ஃபிளாஷில் செய்த உலாக்களுக்கு ஃபிளாஷ் இயக்கியைப் போல நடந்துகொள்ளும் ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருள் ஓரளவு கைகொடுக்கிறது. 2020 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகம் தன் ஃபிளாஷ் சேகரத்துக்கு அதைத்தான் பயன்படுத்தியது. ஆனால் படத்தைத் தனியாக எடுத்துவைப்பதற்கு அது ஈடாகாது. எடுக்கும்போது, முக்காலி நின்ற இடம், எடுத்த நாள், படத்தின் நடுப்பகுதி எந்தத் திசையை நோக்குகிறது ஆகிய மூன்றையும் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்குமாறு வேண்டுகிறேன். திசை தெரியாத மண்டபப் படத்தை வைத்துக்கொண்டு எது கன்னிமூலை என்று தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

செருகுநிரல் போனபின் அதே பொறி வேறு பெயரில் திரும்பி வருவதையும் பார்க்கிறேன். காட்சி உலாவை ஒப்பந்தக்காரரின் வாடகைச் சேவையகத்தில் வைத்துவிட்டு ஆண்டுச் சந்தா கட்டுவது ஒரு வகை. குறிப்பிட்ட கைப்பேசிச் செயலி இருந்தால்தான் திறக்கும் என்பது மற்றொன்று. மைக்ரோசாஃப்டின் ஃபோட்டோசிந்த் சேவை 2017 பிப்ரவரியில் மூடப்பட்டபோது, உலகெங்கிலுமிருந்து மக்கள் அதில் ஏற்றியிருந்த பனோரமாக்கள் இணையத்திலிருந்து ஒரே நாளில் நீங்கின. அவ்வளவு பெரிய நிறுவனமே மூடும் என்றால், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த சிறு நிறுவனத்தை எவ்வளவு நம்புவது? ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில், சுருக்கப்படாத மூலப்படங்களும், ஒட்டித் தைத்த முழுப் பனோரமாவும், துண்டுக் கோப்புறைகளும் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட பின்பே இறுதித் தவணை வழங்கப்படும் என்ற ஒரு வரி இருந்தால் போதும். அந்த ஒரு வரி இல்லாமையால் படங்கள் இன்று யாரிடம் இருக்கின்றன என்றே தெரியாமல் போன திட்டம் ஒன்றை நான் அறிவேன்.

தரநிலை மட்டும் எல்லாவற்றையும் காத்துவிடும் என்றும் நான் எண்ணவில்லை. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, அதன் இணையச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. தமிழ்நாட்டிலிருந்து, அந்நூலகம் நடத்தும் அழியும் நிலை ஆவணத் திட்டத்தின் கீழ் மின்னுருவாக்கப்பட்டவற்றைப் பார்த்துவந்த நாங்களும் அந்த மாதங்களில் கைகட்டிக் காத்திருந்தோம். அத்திட்டத்தில் மின்படிகளின் ஒரு தொகுதி மூலச்சுவடி இருக்கும் நாட்டிலும் வைக்கப்படுகிறது. அந்த உள்ளூர்ப் படிகள் வன்தட்டில் உறங்காமல் இங்கேயும் ஒரு சேவையகத்தில் திறந்திருந்தால், லண்டனில் விளக்கணைந்தபோது இங்கே இருட்டியிருக்காது.

இனி தாங்கள் செய்யத் தொடங்கக்கூடியது பெரிய திட்டம் அன்று. தங்கள் தளத்தில் இன்று திறக்காத படங்கள் எவை என்ற பட்டியலை முதலில் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் துண்டுக் கோப்புறை சேவையகத்தில் இருக்கிறதா, மூல டிஃப் கோப்பு எந்த வட்டில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அதுவரை சேவையகத்தைத் ‘தூய்மைப்படுத்தும்’ பணி எதையும் தயவுசெய்து தொடங்க வேண்டாம். பயனற்றவை என்று முதலில் அழிக்கப்படுவன பெயர் புரியாத இந்த ஆயிரக்கணக்கான சிறு ஜேபெக் கோப்புகளாகத்தான் இருக்கும். மீட்டபின், பழைய முகவரிகளை அப்படியே காத்துத் தாருங்கள். அச்சேறிய அடிக்குறிப்புகளில் இருக்கும் முகவரிகளை இனி யாராலும் திருத்த முடியாது.

என் குறிப்பேட்டில் உள்ள ஓலைகளுக்குரிய முகவரிகளையும், முதல் துண்டு இன்றும் திறக்கிறதா என்று நான் பார்த்துக் குறித்த விவரத்தையும் அட்டவணையாக்கி, உரிய நிறுவனத்துக்குத் தனி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். வேறு நிறுவனத்தார் கேட்டாலும் அவர்களுடைய படங்களுக்கு அவ்வாறே செய்து தருவேன். முப்பத்தேழாம் ஓலையின் மூன்றாம் வரியில் இருப்பது துணைக்காலா, பூச்சிக்கோடா என்ற ஐயம் மட்டும் இன்னும் தீரவில்லை. அதற்குரிய துண்டு ஏழாம் கோப்பு வரிசையில் இருக்க வேண்டும், அது மட்டும் திறக்க மறுக்கிறது. அதனை முதலில் பார்த்துத் தந்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் சுவடிகளின் வாசகன் ஒருவன்